பூசணமும் இன்சுலினும்

மழைக்காலத்தில் ரொட்டித் துண்டொன்றை ஈரமான இடத்தில் சில நாட்கள் வைத்திருந்தால், அதன்மேல் பூசணம் பூத்துவிடும். அதன் நுண்ணிய வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. அவற்றை நாம் அனைவரும் நாள்தோறும் சுவாசிக்கிறோம். நலமுள்ள உடலில் அவை வேரூன்றுவதில்லை. ஆயினும், நீரிழிவுற்ற குழந்தையின் உடலில் அதே பூசணம் சில நாட்களிலேயே உயிரைக் குடித்துவிடக் கூடும். இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிய மருத்துவ உலகுக்கு நெடுங்காலம் பிடித்தது.

1885-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய மருத்துவர் ஆர்னால்டு பால்டாஃப், இவ்வகைப் பூசணம் மனித உடலினுள் பரவியிருந்ததை விரிவாக எழுதினார். அந்நாளில் நீரிழிவு கண்ட குழந்தைகள் நெடுநாள் வாழ்ந்ததில்லை. 1922 ஜனவரியில் டொராண்டோ நகரில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டது. சாவின் வாயிலில் கிடந்த அச்சிறுவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

ஆனால், அத்துடன் ஆபத்து தொலைந்துவிடவில்லை. இன்சுலின் குறைந்தாலோ, நோய் இருப்பதே தெரியாமற் போனாலோ, உடல் சருக்கரையைப் பயன்படுத்த இயலாது கொழுப்பை எரிக்கிறது. குருதியில் அமிலம் பெருகுகிறது. 1943-ல் கிரெகரி, கோல்டன், ஹேமேக்கர் ஆகிய அமெரிக்க மருத்துவர்கள், இத்தகைய நிலையிலிருந்து இறந்த நீரிழிவு நோயாளர் மூவரைப் பற்றி எழுதினர். பூசணம் அவர்தம் மூளையையே எட்டியிருந்தது.

பின்வந்த ஆராய்ச்சிகள் காரணத்தை விளக்கின. குருதியில் அமிலம் மிகும்போது, புரதத்தோடு பிணைந்திருக்கும் இரும்பு விடுபடுகிறது. அந்த இரும்பை உண்டு பூசணம் செழிக்கிறது. காவல்புரிய வேண்டிய வெள்ளணுக்களோ அவ்வேளையில் தளர்ந்துவிடுகின்றன. கதவும் திறந்து, காவலாளியும் உறங்கும் வீடு போன்றது அவ்வுடல். பூசணம் குருதிக் குழாய்களுட் புகுந்து அவற்றை அடைக்க, குருதி பெறாத தசை கருகி மடிகிறது. கருப்புப் பூஞ்சை நோய் என்று மக்கள் வழங்குவது இதனையே.

1955-ல் ஹாரிஸ் என்னும் மருத்துவர், இந்நோயினின்று பிழைத்த ஒருவரைப் பற்றிக் குழந்தை மருத்துவ இதழொன்றில் எழுதினார். மூக்கிலிருந்து மூளைநோக்கிப் பரவும் இந்நோயில் பிழைத்தவராக ஏடுகளில் அறியப்பட்டவருள் அவரே முதல்வர். ஏறத்தாழ அதே காலத்தில், வெனிசுவேலா நாட்டு மண்ணில் கிடைத்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஆம்ஃபொடெரிசின்-பி என்னும் மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அமிலத்தை ஒழிக்க இன்சுலின், மடிந்த தசையை அகற்ற அறுவை, பூசணத்தை அழிக்க மருந்து: இம்மூன்றும் விரைந்து ஒருங்கே கிடைத்தால்தான் இன்றும் உயிர் பிழைக்கும்.

மாணவ நண்பர்களே! குழந்தையொன்றுக்கு அடங்காத தாகமும், அடிக்கடி சிறுநீர் கழிதலும், காரணமறியாத மெலிவும் கண்டால், குருதியிலுள்ள சருக்கரையை உடனே அளந்தறிதல் வேண்டும். நீரிழிவுள்ள குழந்தையின் முகம் ஒருபுறம் வீங்கினாலோ, மூக்கிலிருந்து கருநீர் வடிந்தாலோ, ஒருநாளும் தாமதித்தல் ஆகாது. காற்றிலுள்ள வித்துகளை விலக்க நம்மால் இயலாது. ஒரு வேளை இன்சுலினும் தவறாமற் பார்த்துக்கொள்ள இயலும்.