கதிர் செல் கட்டிகள்: ஒரு தவறான பெயரின் வரலாறு

பயாப்ஸி அறிக்கையில் "ஸ்பிண்டில் செல் கட்டி" என்று எழுதியிருந்தால், அது ஒரு நோயின் பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அது வெறும் வடிவத்தின் பெயர்.

நூல் நூற்கும் கதிரைப் பார்த்திருப்பீர்கள். நூல் சுற்றிய கதிரைப் போல நடுவில் பருத்து, இரு முனையும் கூராக நீண்டிருக்கும் செல்தான் ஸ்பிண்டில் செல், அதாவது கதிர் செல். குடல் சுவரிலுள்ள மென்தசைச் செல்லுக்கு இந்த வடிவம் உண்டு. காயம் ஆறும்போது நார் உண்டாக்கும் செல்லும், நரம்பைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்லும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். எனவே இவற்றில் எதிலிருந்து கட்டி வந்தாலும் மைக்ராஸ்கோப்பில் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் சில கட்டிகள் சாதாரணமானவை, சில உயிரைப் பறிப்பவை. குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இரைப்பையிலும் குடலிலும் வரும் ஒரு வகைக் கட்டியின் கதையைப் பார்ப்போம். குடல் சுவரில் மென்தசை இருக்கிறது, கட்டியின் செல்லும் கதிர் போல இருக்கிறது. ஆகவே இது தசைக் கட்டிதான் என்று பல ஆண்டுகள் முடிவு கட்டியிருந்தார்கள். அமெரிக்க நோயியல் நிபுணர் ஆர்தர் பர்டி ஸ்டவுட், 1962இல் இரைப்பையில் வரும் விசித்திரமான மென்தசைக் கட்டிகள் என்றே இவற்றில் பலவற்றை விவரித்தார்.

1983இல் மசூர், கிளார்க் என்ற இருவர் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் இந்தக் கட்டிகளை ஆராய்ந்தார்கள். பலவற்றில் தசைக்குரிய அடையாளமே இல்லை! தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாமல், "ஸ்ட்ரோமல் கட்டி", அதாவது தாங்குதிசுக் கட்டி என்ற பொதுப்பெயரை வைத்தார்கள்.

விடை கிடைத்த ஆண்டு 1998. ஜப்பானின் ஒசாகாவில் ஹிரோட்டா குழுவினர், இந்தக் கட்டிகளில் 'கிட்' என்ற மரபணு பழுதாகியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். செல்லை வளரச் சொல்லும் சுவிட்ச் அணையாமல் எரிந்துகொண்டே இருப்பது போன்ற பழுது அது. குடலில் கிட் புரதம் நிறைந்த வேறொரு செல்லும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயின் விஞ்ஞானி ரமோன் இ கஹால் விவரித்த, அவர் பெயரையே தாங்கிய செல் அது. குடல் அசைவுக்குத் தாளம் போடுவது அதன் வேலை. கட்டியின் உறவு தசையோடு அல்ல, இந்தச் செல்லோடுதான் என்பது தெளிவானது.

பெயர் மாறினால் என்ன லாபம் என்று கேட்கலாம். தசைப் புற்று என்று நினைத்துக் கொடுத்த கீமோதெரபி இந்த நோயாளிகளுக்குப் பெரும்பாலும் பலிக்கவில்லை. ஆபரேஷனில் எடுக்க முடியாத அளவுக்குப் பரவிவிட்டால் வேறு வழியும் இல்லை. அந்தச் சமயத்தில் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்காக உருவான இமாடினிப் மாத்திரை, கிட் சுவிட்சையும் அணைக்கும் என்று தெரிந்தது. 2000 மார்ச்சில் பின்லாந்தில், கல்லீரல் வரை நோய் பரவியிருந்த ஒரு பெண்ணுக்கு அதைக் கொடுத்தார்கள். சில வாரங்களிலேயே கட்டிகள் சுருங்கின! 2002இல் இந்த நோய்க்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இந்தக் கதையில் நம் சென்னைக்கும் இடமுண்டு. இந்த மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006இல் சென்னை காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 2013 ஏப்ரல் 1இல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. மாதம் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் விற்ற மருந்து, இந்திய நிறுவனங்களின் தயாரிப்பாகச் சுமார் பத்தாயிரம் ரூபாய்க்குக் கிடைக்க வழி இருந்தது.

இமாடினிப் எல்லோருக்கும் கேட்பதில்லை, நாளாக ஆகச் சிலருக்குப் பலனும் குறைகிறது. ஆனாலும் வழியே இல்லாதிருந்த நோய்க்கு ஒரு வழி பிறந்தது. ஆகவே அறிக்கையில் "ஸ்பிண்டில் செல்" என்று பார்த்தால் பதற வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். "இது எந்தச் செல்லிலிருந்து வந்தது?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சை அந்தப் பதிலில்தான் தொடங்குகிறது.