துயிலெழுப்பிய சொற்கள்

'ரெவேய்' என்பது துயில் நீங்கி எழுதலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். அம்மொழியினர் நாள்தோறும் வழங்கும் எளிய சொல் அது. காலையில் கண் விழித்தலும் அதுவே. விழிக்கச் செய்யும் கடிகாரமும் அதுவே. அடங்கிக் கிடந்த மக்கள் கிளர்ந்தெழுதலும் அதுவே. அதன் வழிப் பிறந்த 'ரெவெய்யோன்', கிறித்து பிறப்புத் திருநாளின் முன்னிரவில் விழித்திருந்து உண்ணும் விருந்தைக் குறிக்கும். இவற்றுக்கெல்லாம் வேர், விழித்திருந்து காத்தல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையாகும். தமிழில் 'விழிப்பு' என்பதும் துயில் நீங்கலையும் எச்சரிக்கையையும் ஒருங்கே உணர்த்துதல் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

இச்சொல்லின் ஏவல் வடிவை ஆங்கிலப் படையினர் கடன்கொண்டு, விடியலில் வீரரை எழுப்ப ஊதும் இசைக்குப் பெயராக்கினர். எழுப்புவோன் அதிகாரி, எழுவோன் ஏவலுக்குக் கட்டுப்பட்டவன். தமிழ் மரபோ இதற்கு மாறானது. தொல்காப்பியம் பாடாண் திணையில் கூறும் 'துயிலெடை நிலை', உறங்கும் அரசனைச் சூதர் ஏத்தி எழுப்புவது. தொண்டரடிப்பொடியாழ்வாரும் மாணிக்கவாசகரும் இறைவனுக்குப் பள்ளியெழுச்சி பாடினர். பாரதியார் அதே வடிவைப் பாரத மாதாவுக்கு உரியதாக்கினார். இங்கெல்லாம் துயில்வோர் உயர்ந்தோர். எழுப்புவோர் பணிந்து நிற்போர்.

மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்கு வாய்த்தது படைவீரனின் விடியலே. 1896ஆம் ஆண்டில் மலாக்காவைச் சேர்ந்த புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் வாணிக நோக்கில் இரப்பர் பயிரிட்டார். பின்னர்க் கோலா சுங்கை பாரு முதலிய ஊர்களை உள்ளடக்கிய அம்மாநிலமெங்கும் இரப்பர் பரவிற்று. இரப்பர் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருப்பது விடியற்காலையிலேதான். வெயில் ஏற ஏற இலைகள் வழியே நீர் வெளியேறுதலால் அழுத்தம் குறையும், பாலும் குறையும். ஆகவே, பொழுது புலருமுன் தொழிலாளி எழுந்தாக வேண்டும். லயத்தில் மணியோசை கேட்டதும், உறக்கம் கலையாத குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு விரைந்த தாய்மார் எத்தனை பேர்! அவர்கள் சென்று நின்ற இடம் 'பெரட்டு'.

பெரட்டு என்பது வேலைக்கு வந்தோரை நிறுத்திப் பெயர் குறிக்கும் காலை அணிவகுப்பாகும். 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு இது என்பர். அவ்வாங்கிலச் சொல்லும் பிரெஞ்சு மொழியினின்று வந்ததே. இலங்கை மலையகத்தில் இவ்விடம் 'பெரட்டுக்களம்' எனப்படும். ஆட்களை அழைக்க அங்குத் தப்படிப்பதும் வழக்கம். தெய்வத்துக்கு முன் ஒலித்த கருவி தேயிலைக்கும் ஒலித்தது.

இன்னொரு செய்தியும் சுவையானது. காலையில் எழுப்பும் கடிகாரத்திற்குரிய 'ரெவேய் மதேன்' என்னும் பெயரைப் பிரெஞ்சு மக்கள் ஒரு சிறு பூண்டுக்கும் இட்டுள்ளனர். அதனை ஒடித்தால் வெண்பால் வடியும். பால் பட்ட கையால் கண்ணைத் தேய்த்தவன் எரிச்சலால் உறங்கமாட்டான் என்பதே பெயர்க்காரணமாம். அப்பூண்டும் இரப்பர் மரமும் தாவர நூலார் வகுப்பில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

பிறர் எழுப்புதலும் தானே எழுதலும் வேறு. பிரெஞ்சு மொழியில் ஒரே வினையின்முன் 'சே' என்னும் தற்சுட்டுச் சொல்லைச் சேர்த்துத் தானே எழுதலைக் குறிப்பர். தமிழில் 'எழுப்பு' பிறவினை, 'எழு' தன்வினை. 'எழுச்சி' பிறந்தது தன்வினையிலிருந்து. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு விளக்க, மலாயா வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தமிழர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று, துரைமார் எதிர்ப்பட்டால் மிதிவண்டியினின்று இறங்கி நிற்கவேண்டும் என்னும் கட்டாயம் ஒழியவேண்டும் என்பது.