நீரோரப் பாதையும் இரைச்சலற்ற பயணமும்: கொழும்பு – நீர்கொழும்புக் கால்வாய்க் கரை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வீதி என்றாலே இரைச்சல் என்று பொருள்கொள்ளப் பழகிவிட்ட நகரம் கொழும்பு. மாலை ஐந்து மணிக்குக் காலி வீதியில் வெள்ளவத்தைச் சந்தியிலோ, கொட்டாஞ்சேனையின் கடைத்தெருவிலோ நிற்பவருக்கு, வாகனங்களின் தொல்லையின்றித் துவிச்சக்கர வண்டியில் நெடுந்தூரம் செல்லுதல் கற்பனையாகவே தோன்றும். பிரான்சிலே லுவார், லொத் முதலிய நதிகளின் பள்ளத்தாக்குகளில் இத்தகைய பயணம் இன்று சாதாரண மக்களின் பொழுதுபோக்காக விளங்குகின்றது. செல்வந்த நாட்டின் வசதி அது என்று கூறி நாம் அதனை ஒதுக்கிவிடுவதுண்டு. எனினும், வரலாற்றை ஊன்றி நோக்குமிடத்து, அமைதியான பாதை எந்த நாட்டிலும் தானாகத் தோன்றியதில்லை என்பது புலப்படும். வாணிபம் கைவிட்டுச் சென்றதனால் ஒரு பாதை அமைதியடையலாம், தட்டுப்பாட்டினால் அமைதியடையலாம், மக்களும் அரசும் கூடித் தீர்மானித்தமையால் அமைதியடையலாம். களனி கங்கையின் வடகரையிலிருந்து நீர்கொழும்பு நோக்கிச் செல்லும் ஹமில்டன் கால்வாயை முன்னிறுத்தி இம்மூன்று நிலைகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொழும்பு ஒருகாலத்தில் நீர்வழிகளின் நகரமாக இருந்தது. இவ்வுண்மையை இடப்பெயர்களே இன்றுவரை காத்து வருகின்றன. களனி கங்கை கடலோடு கலக்கும் இடம் தமிழில் முகத்துவாரம் எனப்படுகின்றது. கிராண்ட்பாஸ் என்று ஆங்கிலத்தில் வழங்கும் பகுதிக்குத் தமிழ்ப் பெயர் பாலத்துறை. ஆற்றைக் கடக்கும் துறையாக இருந்த அவ்விடத்தில் 1822இல் படகுகளை வரிசையாகப் பிணைத்து ஒரு மிதவைப் பாலம் அமைக்கப்பட்டது. 1895இல் விக்டோரியா பாலம் திறக்கப்படும் வரை வடக்கே செல்லும் போக்குவரத்தை அதுவே தாங்கியது. நகரின் தென்பகுதியிலே, வெள்ளவத்தை இரண்டு கால்வாய்களுக்கு இடையே அமைந்த ஊராகும்: வடக்கே வெள்ளவத்தைக் கால்வாய், தெற்கே தெஹிவளைக் கால்வாய். பேரை வாவியையும் களனி கங்கையையும் புனித செபஸ்தியன் கால்வாய் இணைத்தது. இன்று இவற்றின் மேலுள்ள பாலங்களைக் கடந்து செல்வோரில் மிகப் பலர், தாம் ஒரு பழைய பெருவழியைக் குறுக்கறுத்துச் செல்கின்றோம் என்பதை உணர்வதில்லை.

கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் இடைப்பட்ட நீர்வழியின் தொடக்கம் ஒல்லாந்தருக்கு முற்பட்டது. கோட்டை அரசர் காலத்து முயற்சிகளும் போர்த்துக்கேயர் வெட்டிய கால்வாயும் இதற்கு அடிப்படையாயின. 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் தாய்நாட்டில் பெற்ற அனுபவத்தைக் கொண்டு இந்நீர்வழிகளைச் சீர்செய்தும் விரித்தும் ஒரு வலையமைப்பாக்கினர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி கண்டி அரசு கரையோரம் முழுவதையும் விட்டுக்கொடுக்க நேர்ந்தபின், புத்தளம் வரையிலான நீர்வழி அவர்களுக்குத் தடையற்றதாயிற்று. கறுவாவும் பாக்கும் உப்பும் இவ்வழியே கொழும்பை வந்தடைந்தன. 1796இல் ஆட்சி ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1802 முதல் 1804 வரையான காலத்தில் அவர்கள் ஏறத்தாழ 14.5 கிலோமீற்றர் நீளமான புதிய கால்வாய் ஒன்றை வெட்டினர். வருவாய் அதிகாரியாகவிருந்த கவின் ஹமில்டனின் பெயரே அதற்கு இடப்பட்டது.

இக்கால்வாய் வெட்டப்பட்டதற்கு வாணிபம் மட்டும் காரணமன்று. ஒருகாலத்தில் நெல் விளைந்த முத்துராஜவெல, முன்னைய கால்வாயின் ஊடாக உட்புகுந்த கடல்நீரினால் உவர்நிலமாகி விட்டது. அவ்வுப்புநீரை வெளியேற்றுதலும் புதிய கால்வாயின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. ஆனால் வயல் மீளவில்லை. இன்று நாம் வியந்து நோக்கும் சதுப்புநிலத்தின் அழகு, உழவர் இழந்த நிலத்தின் மீது எழுந்ததாகும். நீரோரப் பாதையின் அமைதியைப் பேசும்போது இவ்விழப்பையும் நினைவிற் கொள்ளுதல் தகும்.

அக்காலத்தில் இக்கரைகள் அமைதியாக இருக்கவுமில்லை. ஓலைக் கூரை வேய்ந்த, அடி தட்டையான சரக்குப் படகுகளைத் தொழிலாளர் கழி ஊன்றியும் கரையிலிருந்து கயிறு கொண்டு இழுத்தும் செலுத்தினர். பிரான்சிலும் நிலைமை இதுவே. லொத் நதியின் ஓரத்தில், பூசியெஸ் என்னும் சிற்றூருக்கு அருகே சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து அமைத்த ஒரு பாதையை இன்று சுற்றுலாப் பயணிகள் கண்டு களிக்கின்றனர். அது படகுகளைக் கரையிலிருந்து இழுத்துச் செல்வதற்காக 19ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட வழி. இரு நாடுகளிலும் நீரோரப் பாதை முதலில் உழைப்பின் பாதையாகவே இருந்தது.

அவ்வுழைப்பை நீர்க்கரையிலிருந்து அகற்றியது புகையிரதம். ராகமையிலிருந்து பிரிந்த இருப்புப்பாதை 1909இல் நீர்கொழும்பையும், 1916இல் சிலாபத்தையும், 1926இல் புத்தளத்தையும் அடைந்தது. பின்னர் லொறிகள் பெருகின. 2013இல் கொழும்பு – கட்டுநாயக்கா அதிவேகப் பாதை முத்துராஜவெலச் சதுப்புநிலத்தின் ஊடாகவே திறக்கப்பட்டது. துவிச்சக்கர வண்டிக்கு அதில் இடமில்லை. இவ்வாறு சரக்கும் வேகமும் வேறு வழி தேடிக்கொண்டபின், மேற்கே கடலும் கிழக்கே சதுப்புநிலமுமாகக் கிடந்த கால்வாய்க் கரை பின்தங்கியது. அங்கு எஞ்சிய அமைதி, கைவிடலின் விளைவு. கைவிடப்பட்டது எதுவும் தானே பாதுகாக்கப்படுவதில்லை என்பதற்குக் கொழும்பின் கால்வாய்களிற் சேர்ந்த கழிவுகளே சான்று.

இரண்டாவது நிலை தட்டுப்பாடு. தமிழ் வாசகர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1990இல் போர் மீண்டும் மூண்டபின், எரிபொருள் தடையினால் யாழ்ப்பாணத்து வீதிகளில் மோட்டார் வாகனங்கள் அருகின. பழைய கார்கள் சில மண்ணெண்ணெயில் ஓடின. ஏனைய பாரமெல்லாம் துவிச்சக்கர வண்டியின் மீது ஏறியது. மாணவரும் ஆசிரியரும் அதிலேயே சென்றனர்; நோயாளரும் விறகும் அதிலேயே ஏற்றப்பட்டனர். மின்சாரம் இல்லாத வீடுகளில் அதன் டைனமோவைச் சுழற்றியே வானொலிச் செய்தி கேட்கப்பட்டது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, எஞ்சிய உடைமைகளைச் சுமந்ததும் இவ்வண்டியே. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் குடும்பங்கள் பலவற்றில் இந்நினைவு இன்றும் உண்டு. 2022 ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையோருக்கு எரிபொருள் விநியோகம் நிறுத்தப்பட்டபோது, கொழும்பு வீதிகளும் அமைதியடைந்தன. அலுவலர்கள் துவிச்சக்கர வண்டிகளைத் தேடி அலைந்தனர். பிரான்சு இதற்கு விலக்கன்று. ஜேர்மனியர் ஆக்கிரமிப்புக் காலமாகிய 1940 முதல் 1944 வரை பாரிஸ் மாநகரில் வாடகைக் கார்களின் இடத்தை மனிதர் மிதித்திழுக்கும் வண்டிகள் பிடித்தன. அத்தகைய அமைதியை எவரும் விரும்பி ஏற்றதில்லை. எரிபொருள் வந்த அன்றே அது கலைந்துபோயிற்று.

மூன்றாவது நிலையாகிய தீர்மானமே நிலைக்கத்தக்கது. 1936இல் பிரான்சின் மக்கள் முன்னணி அரசு தொழிலாளருக்குச் சம்பளத்துடன் கூடிய இரு வார விடுமுறையைச் சட்டமாக்கியது. அக்கோடையில் தொழிலாளர் பலர் துவிச்சக்கர வண்டிகளிலும் இருவர் மிதிக்கும் வண்டிகளிலும் கிராமப்புறங்களை நோக்கிச் சென்றனர். ஆற்றோரப் பயணம் செல்வந்தரின் உரிமையாக மட்டும் இருந்த நிலை அப்போது தளர்ந்தது. 1997இல் பேர்கண்டிப் பகுதியில் ஜீவ்ரி, குளுனி ஆகிய ஊர்களுக்கிடையே கைவிடப்பட்ட இருப்புப்பாதை ஒன்று நடப்போருக்கும் துவிச்சக்கர வண்டியோட்டிகளுக்கும் உரிய 'பசுமைவழி'யாக மாற்றப்பட்டது. 2004இல் பசுமைவழி என்பது அந்நாட்டு வீதிச் சட்டத்திலேயே தனி வகையாக இடம்பெற்றது. மோட்டார் வாகனம் நுழைதல் ஆகாது என்பது அதன் சாரம். கைவிடப்பட்ட தடங்கள் எமக்கும் உண்டு. களனிப் பள்ளத்தாக்கில் அவிசாவளையிலிருந்து யட்டியாந்தோட்டை வரை சென்ற ஒடுங்கிய இருப்புப்பாதை 1942இல் மூடப்பட்டது. இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்க வரை சென்ற பகுதி 1976இல் மூடப்பட்டது. றப்பர்த் தோட்டங்களின் விளைவைச் சுமந்த தடம் அது. உலகத் துவிச்சக்கர வண்டிகளின் சக்கரங்களுக்கு றப்பர் ஈந்த நாட்டில், அவ்வண்டிக்கென்று ஒரு வழி ஒதுக்கும் எண்ணம் வளராமற் போனமை சிந்திக்கத்தக்கது.

ஹமில்டன் கால்வாய்க் கரை இன்று இத்தீர்மானத்தின் வாயிலில் நிற்கின்றது. முத்துராஜவெலயின் வடபகுதி 1996இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2018இல் றம்சார் அமைப்பு கொழும்பைச் 'சதுப்புநில நகரம்' என ஏற்றது. விடுமுறை நாட்களின் காலை வேளைகளில் துவிச்சக்கர வண்டியோட்டிகள் இக்கரையை நாடிச் செல்கின்றனர். ஆயின், பாதை யாருக்கு என்ற வினாவுக்கு விடை காணாமல் எத்தீர்மானமும் நேர்மையாகாது. இக்கரையில் மீனவர் வாழ்கின்றனர், வலை உலர்த்துகின்றனர், பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர். அவர்களுக்குத் துவிச்சக்கர வண்டி பொழுதுபோக்குச் சாதனமாக இருந்ததில்லை; தொழிலுக்கும் சந்தைக்கும் செல்லும் வாகனமாகவே இருந்து வந்துள்ளது. அவர்களை அகற்றிவிட்டு, நகரத்தார் உலாவுவதற்கென அழகுபடுத்தப்படும் பாதை, உழைப்பாளரின் வழியை மீண்டுமொருமுறை பறித்த பாதையாகவே முடியும்.

ஆகவே, பிரான்சின் பள்ளத்தாக்கு நமக்கு அளிக்கும் பாடம் அதன் திராட்சைத் தோட்டங்களிலோ கோட்டைகளிலோ இல்லை. படகிழுத்தவன் நடந்த வழியை அவன் பேரன் விடுமுறையில் மிதித்துச் செல்லும் உரிமையை அந்நாடு சட்டமாக்கிக்கொண்டது என்பதே பாடம். போரும் பஞ்சமும் வந்து வீதிகளை அமைதிப்படுத்திய அனுபவம் நமக்குப் போதுமான அளவு உண்டு. எரிபொருள் நிறைந்திருக்கும் காலத்தில், ஒருவரையும் வெளியேற்றாமல், நாமே விரும்பி ஒரு பாதையை அமைதியாக வைத்துக்கொள்ள இயலுமா என்பதே இனி எழும் வினா. முகத்துவாரத்திலிருந்து ஆற்றைக் கடந்தால், அவ்வினாவுக்கு விடை தேடத்தக்க 14.5 கிலோமீற்றர் நீளமான கரை கண்முன்னே கிடக்கின்றது.