வானம் தோண்டிய வீடுகள்

கோவில்பட்டிப் பக்கம் அஸ்திவாரக் குழி எடுப்பதை ‘வானம் தோண்டுவது’ என்பார்கள். வானம் பார்த்த பூமியில் வீட்டுக்கும் வானம்தான்! அதற்குள் எதை நிரப்புகிறார்கள் என்பதில் வீட்டின் ஆயுள் அடங்கியிருக்கிறது.

காரணம், கரிசல் சும்மா கிடக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்து உப்பும். சித்திரை வெயிலில் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மாண்ட்மோரிலோனைட் என்ற களிக்கனிமத்தின் வேலை இது. பருத்திக்கும் கம்புக்கும் ஈரத்தைப் பிடித்துவைத்துக் கொடுக்கும் அதே குணம் சுவருக்குப் பகை. மழைக்காலத்தில் கதவு சாத்தாது. ஜன்னல் மூலையிலிருந்து விரிசல் கோணலாக ஓடும். ஆகவே கரிசலை அள்ளிக் கடத்திவிட்டு, மணலும் சரளும் கொட்டி இறுக்குவது பழைய வழி. சுவர் எழும்பும் முன்பே கையிருப்பில் பாதி மண்ணுக்குள் போய்விடும்.

1947இல் தொடங்கிய ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இன்னொரு வழியை வளர்த்தெடுத்தது: அண்டர் ரீம் பைல். மேல்மண் ஆடினால் ஆடிக்கொள்ளட்டும் என்று, ஆட்டம் எட்டாத ஆழத்துக்குக் கான்கிரீட் தூணை இறக்குவது. தூணின் அடியில், அதன் தண்டைப்போல் இரண்டரை மடங்கு அகலத்தில் ஒரு குமிழ். சுவரைத் தாங்கும் பீம் தரையில் படாது. மண் உப்ப இடம் வேண்டுமே.

வீட்டையே தொழிற்சாலையில் செய்துவிடும் ஆசையும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் முளைத்தது. பிரிவினை அகதிகளுக்காக 1948இல் டெல்லியில் அரசு வீட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. முதல் முயற்சி சறுக்கியது. சென்னையில் அது கைகூட நெடுங்காலம் ஆயிற்று. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கத்தில், முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பாகங்களைப் பூட்டி எழுப்பிய 1,152 வீடுகள் 2022 மே மாதம் திறக்கப்பட்டன.

கரிசலின் பங்காளி ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. டெக்சஸ் மாநிலத்தில் டல்லாஸ், ஆஸ்டின் பக்கம் நீளும் அந்தக் கறுப்பு மண்ணிலும் பருத்திதான் விளைந்தது. அங்கே தொழிற்சாலையில் செய்த வீட்டைச் சக்கரத்தில் இழுத்துவந்து, கட்டைகள் மேல் உட்கார்த்துகிறார்கள். 1976 முதல் இவற்றுக்கு நாடு முழுவதற்கும் ஒரே கட்டுமான விதி. மண் இறங்கி வீடு சாய்ந்தால் ஜாக்கி வைத்துத் தூக்கி மட்டம் பார்த்துவிடலாம். ஆஸ்டின் போல நிலம் விலையேறிய ஊர்களில் சிக்கல் வேறு: பலருக்கு வீடு சொந்தம், அடிமனை வாடகை.

கோவில்பட்டியில் அடிமனை சொந்தமென்றாலும் ஜாக்கிக்கு வழியில்லை. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் முன், போன வருஷத்து விரிசலில் சிமெண்டுப் பால் ஊற்றுகிறார் கொத்தனார்.