தலைவரின் மறுமொழி: 1843 பிப்ரவரி 8 கூட்டத்தை மீண்டும் படித்தல்

கல்கத்தா இந்துக் கல்லூரி அரங்கில் 1843 பிப்ரவரி 8 அன்று கூடிய பொதுஅறிவு ஈட்டல் சங்கத்தின் கூட்டம் பாதியில் குறுக்கிடப்பட்டது. அதைப் பற்றி எழுதியவர்களின் கண் பெரும்பாலும் இருவர் மீதே நிலைத்திருக்கிறது. ஒருவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் குற்றவியல் நீதிமுறையையும் போலீசையும் பற்றி உரை வாசித்த தட்சிணாரஞ்சன் முகோபாத்யாய். மற்றவர், அந்த உரையை ராஜத்துரோகம் என்று சொல்லி இடைமறித்த கல்லூரி முதல்வர் கேப்டன் டி. எல். ரிச்சர்ட்சன். அன்று தலைமை வகித்த தாராசந்த் சக்கரவர்த்தியின் மறுமொழியோ துணிச்சலுக்கு எடுத்துக்காட்டாக ஓரிரு வரியில் சொல்லப்படுகிறது; அது எவ்வாறு கட்டப்பட்டிருக்கிறது என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை. அன்றைய கூட்டத்தின் முக்கியமான ஆவணம் வாசிக்கப்பட்ட உரையன்று, தலைவரின் மறுமொழியே என்பது இக்கட்டுரையின் துணிபு.

இதுவரை வந்த வாசிப்புகள் இரண்டு வகைப்படும். இந்திய தேசிய உணர்வின் முதல் முழக்கங்களுள் ஒன்றாக இக்கூட்டத்தைக் கொள்வது ஒரு வகை. ஆங்கிலக் கல்வி பெற்ற சிறு கூட்டத்தாரின் பேச்சு, அந்தப் பேச்சுக்கு அப்பால் விளைவு எதுவும் இல்லை என்று ஒதுக்குவது மற்றொரு வகை. ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றினாலும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: சங்கம் என்ன கருத்தைச் சொன்னது என்பதைக் கொண்டே அதை மதிப்பிடுகின்றன. அச்சங்கம் எந்த முறைப்படி கூடியது, பேச்சுரிமையை யார் வழங்கினார், யார் மறுக்கலாம் என்பவை அவற்றின் பார்வைக்குள் வரவில்லை.

நமக்குள்ள சான்று 'பெங்கால் ஹர்காரு' நாளிதழ் சில நாள் கழித்து வெளியிட்ட நடவடிக்கைக் குறிப்பு. அதன்படி ரிச்சர்ட்சனின் ஆட்சேபம் இடம் பற்றியது. அரசாங்கம் எழுப்பிய மண்டபத்தில் நின்றுகொண்டு ஆள்வோரைக் கொடுமைக்காரர்கள் என்று பழிப்பது துரோகம். அரசின் அக்கறை இல்லாவிட்டால் இந்தக் கல்லூரியே இருந்திராது. ஆகவே இதைத் துரோகிகளின் குகையாக்க விடமாட்டேன், இத்தகைய கூட்டங்களுக்குக் கதவை அடைப்பேன் என்கிறார். உரையில் சொல்லப்பட்டவை உண்மையா பொய்யா என்ற வாதத்துக்குள் அவர் போகவேயில்லை.

தாராசந்தும் அந்த வாதத்துக்குள் போகவில்லை என்பதைத்தான் நான் முதன்மையாகக் கருதுகிறேன். நண்பரின் உரை சரியானது என்றோ, கம்பெனியின் போலீஸ் கெட்டது என்றோ அவர் ஒரு சொல் சொல்லவில்லை. முதலில், முதல்வரின் நடத்தை சங்கத்தை அவமதிப்பது, இதை இனியும் அனுமதிக்க முடியாது என்கிறார். பிறகு, சொன்னதைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்காவிட்டால் கல்லூரிக் கமிட்டியிடம் முறையிடுவோம், தேவையானால் அரசாங்கத்திடமே போவோம் என்கிறார். அடுத்து வருவது எல்லாவற்றுக்கும் ஆதாரமான வாக்கியம்: இந்த மண்டபம் கமிட்டியிடம் விண்ணப்பித்து, அனுமதி பெற்று நாங்கள் பயன்படுத்துவது, உங்கள் தனிப்பட்ட தயவால் கிடைத்ததன்று. ஆகவே இன்று நீங்கள் இங்கே வெறும் பார்வையாளர்; உறுப்பினர் ஒருவர் தம் கருத்தைச் சொல்லும்போது குறுக்கிட உங்களுக்கு உரிமையில்லை. கடைசியாக, உரையாசிரியரிடமும் கூட்டத்திடமும் மன்னிப்புக் கேட்பதே முறை என்று முடிக்கிறார்.

வரிசையைக் கவனிக்க வேண்டும். உரிமைக்கு ஆதாரமாக இயற்கை நீதியையோ நாட்டையோ மதத்தையோ அவர் காட்டவில்லை. விண்ணப்பம், அனுமதி, உறுப்பினர், பார்வையாளர், மேல்முறையீடு என்ற ஐந்தின் மீதே உரிமை நிற்கிறது. கல்லூரியின் சுவர்களுக்குள், முதல்வரின் ஆணை எட்டாத ஓர் எல்லையை மாலைப்பொழுதின் சில மணி நேரத்துக்கு அவர் வரைகிறார். அந்த எல்லைக்குள் முதல்வரும் தலைவரின் அனுமதி பெற்றே பேச வேண்டும். இதில் அரசை எதிர்க்கும் முழக்கம் இல்லை. கடைசி மேல்முறையீடு அரசிடமே போகிறது. தேசிய முழக்கம் என்ற வாசிப்பு இங்கே இடறுகிறது. ஆனால் வெற்றுப் பேச்சு என்ற வாசிப்பு அதைவிட மோசமாக இடறுகிறது. ஆங்கிலேய முதல்வர் ஒருவரை அவருடைய கல்லூரிக்குள்ளேயே வைத்து, விதியைக் காட்டி, நீர் ஒழுங்கு மீறுகிறீர் என்று வங்காளி ஒருவர் சொல்வது பேச்சு மட்டுமன்று. அது ஓர் அதிகாரத்தைச் செலுத்துதல்.

மண்டபம் யாருடையது என்ற தகராறில் இரு தரப்புக்கும் ஓரளவு நியாயம் உண்டு. 1817இல் தொடங்கிய இந்துக் கல்லூரி அரசின் படைப்பன்று. கல்கத்தாவின் இந்துப் பிரமுகர்கள் திரட்டிய ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட நிதியில் எழுந்தது. அந்த நிதியை வைத்திருந்த நிறுவனம் 1820களில் நொடித்துப்போகவே அரசின் உதவி நாடப்பட்டது; உதவியோடு மேற்பார்வையும் வந்தது. 1824இல் அடிக்கல் நாட்டப்பட்ட கட்டடம் அரசுப் பணத்தில் சமஸ்கிருதக் கல்லூரிக்காக எழுந்தது, இந்துக் கல்லூரியும் அதில் இடம் பெற்றது. ரிச்சர்ட்சன் கட்டடத்தைச் சுட்டுகிறார். தாராசந்த் கமிட்டியைச் சுட்டுகிறார். கல்லூரியைத் தோற்றுவித்த சந்தாதாரர்களின் எஞ்சிய உரிமை அந்தக் கமிட்டியில்தான் இருந்தது. முதல்வரைத் தாண்டிக் கமிட்டியை அவர் அழைத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இந்த நடைமுறை உணர்வு எங்கிருந்து வந்தது? 1828இல் இந்துக் கல்லூரி ஆசிரியர் டெரோசியோ தலைமையில் தொடங்கி மாணிக்தலாத் தோட்டவீட்டில் கூடிய அகாடமிக் அசோசியேஷனைச் சொல்வது வழக்கம். அங்கே இளைஞர்கள் விதி, இறைவன், உருவ வழிபாடு, தேசப்பற்று என எதையும் விவாதித்தனர். கல்லூரி நிர்வாகிகளுள் ஒருவரான டேவிட் ஹேரும் வந்து கேட்டார். விவாதப் பழக்கம் அங்கே பிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் விவாதிக்கப் பழகுவது வேறு, விவாதத்தைக் காக்க விதி வேண்டும் என்று உணர்வது வேறு. இந்த இரண்டாவது பாடத்தை 1831 ஏப்ரல் கற்பித்தது என்றே கருதுகிறேன்.

அந்த ஏப்ரல் 23 அன்று கூடிய கல்லூரி நிர்வாகிகள் டெரோசியோவை நீக்கத் தீர்மானித்தனர். இளைஞர்களுக்குக் கற்பிக்க அவர் தகுதியற்றவர் என்ற கருத்துக்கு அக்கூட்டத்தில் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஆனாலும் இந்துச் சமூகத்தின் அப்போதைய மனநிலை கருதி நீக்குவதே உகந்தது என்று முடிவாயிற்று, எச். எச். வில்சனும் ஹேரும் அதில் வாக்களிக்கவில்லை. குற்றம் நிறுவப்படாமலே தண்டனை வந்தது. வில்சனுக்கு டெரோசியோ எழுதிய புகழ்பெற்ற கடிதத்தை வைத்து அவர் நாத்திகரா இல்லையா என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நிர்வாகிகளுக்கு ஏப்ரல் 25 அன்று அவர் அனுப்பிய பதவி விலகல் கடிதமே இங்கே நமக்குத் தேவை. அதில் அவருடைய புகார் முழுவதும் நடைமுறை பற்றியது: குற்றச்சாட்டு என்னிடம் தெரிவிக்கப்படவில்லை, குற்றம் சாட்டியவர்களை நான் எதிர்கொள்ளவில்லை, எந்தத் தரப்புச் சாட்சியும் விசாரிக்கப்படவில்லை, என்னைக் காத்துக்கொள்ள வாய்ப்பே தரப்படவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 26 அன்று காலரா அவரைக் கொண்டுபோனது. அப்போது வயது 22.

விசாரணையின்றி ஆசிரியரை இழந்த மாணவர்கள் வளர்ந்து 1838இல் கட்டிய சங்கத்தில், தலைவர், துணைத்தலைவர்கள், செயலர்கள், முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட உரைகள், அச்சிட்ட தொகுதிகள் என எல்லாம் முறைப்படி இருந்தன. அன்று உரை வாசித்த தட்சிணாரஞ்சன் டெரோசியோவின் மாணவர். உரையின் பொருளோ நீதிமன்றங்களில் எளியவனுக்கு நியாயம் கிடைப்பதில்லை என்பது. அந்த உரையையே கேட்டு முடிக்காமல் தீர்ப்புச் சொல்ல முதல்வர் எழுந்தபோது, பன்னிரண்டு ஆண்டு முன் நிர்வாகிகள் செய்த தவறே அவர்கள் கண்முன் மீண்டும் நடந்தது. அவர்கள் அதை அப்படி உணர்ந்தார்கள் என்பதற்கு நேர்ச்சான்று இல்லை. ஆயினும் மறுமொழியின் அமைப்பு இந்த ஊகத்தின் பக்கமே சாய்கிறது.

இதற்கு வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. தாராசந்த் டெரோசியோவின் மாணவரல்லர். வயதில் டெரோசியோவுக்கு மூத்தவர், அவர் ஆசிரியராக வருமுன்னரே கல்லூரியை விட்டவர். 1828இல் இராம்மோகன் ராயின் பிரம்ம சபைக்குச் செயலராக இருந்தவர், முன்சீப் பதவியும் வகித்தவர். அப்படியானால் மறுமொழியில் ஒலிப்பது கச்சேரிப் பழக்கம்தானே எனலாம். இதை ஏற்கிறேன், ஆனால் இது என் வாதத்தைக் குலைக்கவில்லை. முறையீட்டின் மொழி அவருக்குக் கச்சேரியில் கிடைத்திருக்கலாம். அந்த மொழியை உடனே தம்முடையதாக ஏற்கக்கூடிய ஒரு சபை அங்கே முன்பே இருந்தது என்பதே நான் சொல்ல வருவது.

ஹர்காரு சங்கத்துக்கு அனுதாபமான ஏடு, ஆகவே தலைவரின் சொற்கள் செம்மைப்படுத்தப்பட்டிருக்கலாம் என்பது அடுத்த ஐயம். இருக்கட்டும். சங்கம் தன்னை ஊருக்கு எப்படிக் காட்ட விரும்பியது என்பதற்கு அந்தச் செம்மையும் சான்றே. உறுப்பினர்கள் அப்போது மாணவர்களல்லர், வணிகரும் ஆசிரியரும் அலுவலருமாக இருந்தவர்கள் என்ற ஆட்சேபத்தை நீட்ட வேண்டியதில்லை. அவர்களைக் கல்லூரியின் பிள்ளைகளாகக் கருதியே கமிட்டி மண்டபத்தைக் கொடுத்தது. நன்றி மறந்தவர்கள் என்று முதல்வர் வெகுண்டதும் அதனால்தான்.

மறுநாள், பிப்ரவரி 9 அன்று, ரிச்சர்ட்சனின் மாணவரான மதுசூதன் தத்தர் கிறித்தவராகத் திருமுழுக்குப் பெற்றார். கல்லூரியின் வரலாற்றை எழுதியவர்கள் அந்த நாளுக்கே மிகுதியான இடம் தந்திருப்பது இயல்பு. கவிஞர் ஒருவரின் வாழ்க்கைத் திருப்பம் படிக்கச் சுவையானது. கூட்டமொன்றின் ஒழுங்குப் பிரச்சினை அப்படியன்று. வளாகச் சங்கங்களின் வரலாற்றுக்கோ முந்தைய நாளே பொருட்படுத்தத் தக்கது. இத்தகைய சங்கங்களை அவற்றின் உரைத் தலைப்புகளைக் கொண்டு முற்போக்கு, பிற்போக்கு என்று தரம் பிரிக்கும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். மண்டபத்துக்கான விண்ணப்பம், உறுப்பினர் பட்டியல், தலைவரின் தீர்ப்பு ஆகியவை முதலில் படிக்கப்பட வேண்டும்.

அரசியல் அமைப்பு என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட வங்காள பிரிட்டிஷ் இந்தியா சங்கம் அதே 1843 ஏப்ரல் 20 அன்று கல்கத்தாவில் உருவானது. பிரிட்டிஷ் பேச்சாளர் ஜார்ஜ் தாம்சன் அதன் தலைவரானார். செயலராக அமர்ந்தவர் பியாரிசந்த் மித்ரா. பொதுஅறிவு ஈட்டல் சங்கம் 1838இல் தொடங்கியபோது அதன் செயலர்களுள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் அவரே.