பவளத்தின் பெயரும் அது கிடந்த ஊரும்

மாசி மகத்தன்று மயிலம் முருகன் தீர்த்தவாரிக்காகப் புதுச்சேரியின் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு எழுந்தருள்கிறார். ஆனால் அதே மயிலம் சாலையிலுள்ள சேதராப்பட்டின் சுற்றுவட்டாரமே சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்தது. கரசூர், வழுதாவூர்ப் பக்கத்துக் கல்லடுக்குகளில் அந்தக் கடலின் உயிர்கள் கல்லாகிக் கிடக்கின்றன.

1840களில் கே, கன்லிஃப் என்னும் இருவர் இங்கே சேகரித்தவற்றை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் லண்டனில் விவரித்தார். அதே காலத்தில் பிரெஞ்சு அறிஞர் அல்சிட் தோர்பினியும் புதுச்சேரிப் புதைபடிவங்களுக்குப் பெயர் சூட்டினார். ஒரே உயிருக்கு இரு பெயர்கள் வந்தால் முதலில் அச்சேறியதே நிலைக்கும் என்பது விதி. ஆனால் நிலைத்த பெயரும் இடம் மாறலாம்: ஃபோர்ப்ஸ் ‘அம்மோனைட்டஸ் பிரம்மா’ என்று அழைத்த உயிர் இன்று ‘பிரம்மாய்ட்டஸ் பிரம்மா’. பெயரின் முதற்பகுதியான பேரினம் மாறிவிட்டதால் ஃபோர்ப்ஸின் பெயரை அடைப்புக்குறிக்குள் எழுதுகிறார்கள். பெயர் இடம் மாறியதற்கு அந்தக் குறியே சாட்சி.

தென்னிந்தியப் பவளங்களைத் தனியே ஆராய்ந்தவர் மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்காக அவர் எழுதிய பவளப் பகுதி 1873இல் வெளிவந்தது. மறு ஆண்டே, முப்பத்தாறு வயதில், லடாக்கின் மலைப்பாதையில் அவர் இறந்தார்.

கல்பவளத்தை எதைக் கொண்டு வகைப்படுத்துவது? பவளக் கிண்ணத்தின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நிற்கும் சுண்ணாம்புத் தகடுகளே முதல் அடையாளம். மிகப் பழைய ருகோசா பவளங்களில் அவை நான்கு நான்காக வளர்ந்தன. சுமார் 24 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றிய இன்றைய பவள வரிசையில் ஆறாறாக வளர்கின்றன. 1943இல் வாகனும் வெல்சும் இந்த வரிசை முழுவதையும் சீரமைத்தார்கள். 1952இல் அல்வாத்தோ, தகட்டின் உள்ளிழை அமைப்பை முன்வைத்து வேறொரு பாகுபாடு தந்தார். 1996இல் ரோமானோவும் பலும்பியும் மரபணுவை ஒப்பிட்டபோது, உயிருள்ள பவளங்கள் இரு பெருங்கிளைகளாகப் பிரிந்தன. பழைய துணைவரிசைகளோடு அவை பொருந்தவில்லை. உருவ ஒற்றுமை உறவுக்குச் சான்றாகாது என்பது தெளிவாயிற்று.

புதைபடிவத்துக்கு மரபணு இல்லை, உள்ளிழைதான் துணை. அதிலும் ஒரு பெருஞ்சிக்கல். பவளம் தன் கூட்டைக் கட்டுவது அரகோனைட் என்னும் சுண்ணாம்புக் கனிமத்தால். மண்ணுக்குள் அது பெரும்பாலும் கால்சைட்டாக மாறும்போது நுண்ணிழை அழிந்துபோகிறது. கல்லை அறுத்து 0.03 மில்லிமீட்டர் சீவலாகத் தேய்த்துப் பார்த்தாலும் சிலவற்றில் எதுவும் மிஞ்சியிருக்காது. அத்தகைய கல்லுக்குத் துணிந்து பேரினம் சொல்வதைவிட ‘குடும்பம் உறுதியில்லை’ என்று எழுதுவதே மேலான அறிவியல் என்பேன்.

ஆகவே பெயருக்கு ஆதாரமான மாதிரிக் கல்லும், அது கிடந்த இடமும் காக்கப்பட வேண்டும். சேதராப்பட்டில் இன்று தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே அடித்தளம் தோண்டும்போதோ, பக்கத்து ஊர்களில் கிணறு வெட்டும்போதோ கல்பவளம் கிடைத்தால், ஊர், ஆழம், கல்லடுக்கு மூன்றையும் எழுதி அதனுடன் வைக்க வேண்டும். அப்படிச் சேரும் கற்களில் ஒரு பங்காவது புதுச்சேரியிலேயே இருக்க வேண்டும். அடுத்த முறை பேரினம் மாற்றப்படும்போது, இங்குள்ள மாணவர் அந்தக் கல்லையே எடுத்து மீண்டும் அறுத்துப் பார்க்க முடியும்.