போர் வேண்டாம் என்று 2 முறை வாக்களித்த ஜெனெட் ரேங்கின் யார்?

388க்கு 1.

1941 டிசம்பர் 8ஆம் தேதி அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் பதிவான வாக்குகள் இவை. கேள்வி: ஜப்பான் மீது போர் அறிவிக்கலாமா?

முதல் நாள்தான் ஹவாயியின் பெர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியிருந்தது. சில மணி நேர இடைவெளியில் சிங்கப்பூரிலும் குண்டுகள் விழுந்தன. கோபத்தில் கொதித்த அமெரிக்காவில் எதிர்த்து வாக்களித்த அந்த ஒரே உறுப்பினர், ஜெனெட் ரேங்கின்.

யார் இவர்?

1880இல் மொன்டானாவில் பிறந்தவர். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு ஊர் ஊராகப் பிரசாரம் செய்தவர்.

மொன்டானா பெண்களுக்கு 1914இல் வாக்குரிமை கிடைத்தது. இரண்டே ஆண்டில் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்று ஜெயித்தார். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண் இவர்தான். அப்போது பல மாநிலங்களில் பெண்கள் ஓட்டுப் போடவே முடியாது!

முதல் எதிர்ப்பு: 1917

சபைக்கு வந்த சில நாளிலேயே சோதனை. முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்குவதா, வேண்டாமா?

அவர் எதிர்த்தால் பெண்களின் வாக்குரிமைப் போராட்டமே பாதிக்கப்படும் என்று சக போராளிகள் சிலர் பயந்தார்கள். ஆனாலும் அவர் எதிர்த்தே வாக்களித்தார்.

373 பேர் ஆதரவு, 50 பேர் எதிர்ப்பு. அதாவது, அவரோடு சேர்ந்து 49 ஆண்களும் எதிர்த்தார்கள். ஆனால் பேச்சு எல்லாம் அவரைப் பற்றித்தான். வாக்களிக்கும்போது அழுதார் என்றுகூடப் பத்திரிகைகள் எழுதின.

1918இல் செனட் சபைக்குப் போட்டியிட்டுத் தோற்றார்.

இரண்டாவது எதிர்ப்பு: 1941

1940இல், 60 வயதில், மீண்டும் சபைக்குத் தேர்வானார். இந்த முறை துணைக்கு ஒருவர்கூட இல்லை.

அவர் சொன்ன காரணம் எளிமையானது: பெண் என்பதால் தம்மால் போருக்குப் போக முடியாது, அப்படியிருக்க, வேறு யாரையும் அனுப்பத் தாம் தயாராக இல்லை.

வெளியே வந்தவரைக் கூட்டம் சூழ்ந்தது. தொலைபேசிக் கூண்டுக்குள் ஒதுங்கினார். போலீஸ் பாதுகாப்போடுதான் அலுவலகம் திரும்ப முடிந்தது. 1942 தேர்தலில் அவர் நிற்கவில்லை.

அவர் செய்தது சரியா?

தாக்கப்பட்ட நாடு திருப்பி அடிக்காமல் வேறென்ன செய்யும் என்று அன்றே கேட்டார்கள். ஜப்பானிய ஆட்சியில் அவதிப்பட்ட சிங்கப்பூரிலிருந்து பார்த்தால் அந்தக் கேள்வி இன்னும் கனமானது.

கான்சஸ் பத்திரிகை ஆசிரியர் வில்லியம் ஆலன் வைட் இரண்டையும் பிரித்துப் பார்த்தார். அவருடைய முடிவை ஏற்கவில்லை; ஆனால் துணிச்சலைப் பாராட்டி எழுதினார்.

பிறகு என்ன ஆனார்?

காந்தியின் அகிம்சை வழியை அறிந்துகொள்ள இந்தியாவுக்குப் பலமுறை போனார். 1968இல், 87 வயதில், வியட்னாம் போரை எதிர்த்து வாஷிங்டனில் ஆயிரக்கணக்கான பெண்களோடு ஊர்வலம் போனார். 1973இல் காலமானார்.

இன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. மொன்டானா மாநிலம் கொடுத்தது. போருக்குத் தம்மால் வாக்களிக்க முடியாது என்று 1917இல் அவர் சொன்னதுதான் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது.